கூட்டு உடைமை வீடும் ஃபராயிள் பங்கும்: யார் சொல் எடுபடும்?

#1 ஈசூன்மகள்

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் அத்தா சென்ற ஆண்டு காலமானார். அவரும் அம்மாவும் தங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் கூட்டு உடைமையாக வைத்திருந்தார்கள். நான் ஒரே மகள். ஆண் பிள்ளை இல்லாததால், ஃபராயிள் என்னும் மார்க்க வாரிசுப் பங்கு முறைப்படி அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, எனக்குப் பாதி, எஞ்சிய எட்டில் மூன்று பங்கு அத்தாவின் தம்பியாகிய தமக்கு உரியது என்று சாச்சா சொல்கிறார். நாங்கள் பார்த்த வழக்கறிஞரோ, கூட்டு உடைமையில் ஒருவர் இறந்த அந்தக் கணமே வீடு முழுவதும் மற்றவருக்குச் சேர்ந்துவிடுகிறது, எனவே அது பங்கு பிரிக்க வேண்டிய சொத்தே அல்ல என்கிறார்.

சாச்சா பேராசைக்காரர் அல்லர். ஆனால் "மனிதன் எழுதிய சட்டத்தைக் காட்டி அல்லாஹ் விதித்த பங்கை மறுக்கிறீர்கள்" என்று அவர் சொன்னது அம்மாவைத் தைத்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தீர்ப்புக் கேட்டு நான் இதை எழுதவில்லை. நாட்டின் சட்டமும் மார்க்கச் சட்டமும் வெவ்வேறாகச் சொல்லும்போது சிங்கப்பூரில் எது நிற்கிறது, எந்த நியாயத்தின்மேல் நிற்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

#2 கடையநல்லூரான்

வ அலைக்கும் ஸலாம் மகளே. உன் அத்தாவின் மறுமை வாழ்வு சிறக்க துஆ செய்கிறேன்.

உன் சாச்சா சொன்ன கணக்கு சரியானது. மனைவிக்கும் மகளுக்கும் உரிய பங்குகள் சூரா அன்னிஸாவின் 11, 12ஆம் வசனங்களில் வெளிப்படையாக உள்ளன. உரியவர்களுக்குக் கொடுத்தபின் எஞ்சியது நெருங்கிய ஆண் உறவினருக்கு என்பது நபிமொழி. அடுத்து வரும் இரு வசனங்கள் இவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்றே கூறுகின்றன. தொழுகை எத்தனை ரக்அத் என்பதை நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து மாற்ற முடியாததைப் போலத்தான் இதுவும். அரசு தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் எட்டில் மூன்று என்பதைப் பூச்சியம் ஆக்குவதற்கு அதற்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

#3 சட்டப்படி

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் நீண்டகாலம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்ட ஆலோசனை கூறும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்த விவாதம் தொடங்கிய இடமே சற்று விலகியிருப்பதாகப் படுவதால் எழுதுகிறேன்.

பெரியவர் கடையநல்லூரான் கேட்பதைப் பார்த்தால் அரசு ஃபராயிளை எதிர்த்து நிற்பது போலத் தோன்றும். உண்மை நேர்மாறானது. 1966இல் இயற்றப்பட்டு 1968இல் நடப்புக்கு வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி, சிங்கப்பூரில் வசிக்கும் முஸ்லிம் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து முஸ்லிம் சட்டப்படிதான் பிரிக்கப்பட வேண்டும். வாரிசுகள் யார், யாருக்கு எத்தனை பங்கு என்று ஷரியா நீதிமன்றம் மரபுரிமைச் சான்றிதழ் வழங்குகிறது. வங்கியும் மற்ற அலுவலகங்களும் அதன்படி நடக்கின்றன. உயில் எழுதினாலும் அது முஸ்லிம் சட்டத்தின் வரம்புக்குள் இருக்க வேண்டும். ஆகவே எட்டில் மூன்று என்ற சாச்சாவின் பங்கு வேதத்தில் மட்டுமல்ல, அரசாங்கம் அச்சிட்ட சட்டப் புத்தகத்தின் பலத்திலும் நிற்கிறது. அத்தாவின் வங்கிக் கணக்கிலிருந்த தனிச் சேமிப்பில் சாச்சா பங்கு கேட்டால் அதைக் கொடுக்க வைப்பதும் இதே அரசுதான்.

பிறகு வீட்டில் மட்டும் ஏன் வேறு முடிவு? ஃபராயிள் இறந்தவரின் சொத்துக்கு உரியது. எது இறந்தவரின் சொத்து என்ற கேள்வி அதற்கு முன்னால் வருகிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்வது நிலச் சட்டம். கூட்டு உடைமை ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு. அதில் ஒருவர் இறந்ததும் அவருடைய உரிமை மறைந்து, எஞ்சியிருப்பவர் முழு உரிமையாளர் ஆகிறார். பிரிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. 2010இல் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அந்த வழக்கில், இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்கு உரியது என்ற, இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் 2008ஆம் ஆண்டு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) காட்டப்பட்டது; கூட்டு உடைமையின் விளைவைத் தீர்மானிப்பதில் அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

ஃபராயிள் தவறு, காலத்துக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் எங்கும் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. என் அனுபவத்தில் அரசின் மேலாண்மை பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படுகிறது: சமயச் சட்டத்தை மறுப்பதில் அல்ல, அதற்கு வேலி போடுவதில்.

இன்னொன்றும் சொல்கிறேன். முஸ்லிம் சட்டம் என்னவென்று அறிய நீதிமன்றங்கள் ஆதாரமாக ஏற்கக்கூடிய நூல்களின் பட்டியல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்திலேயே உண்டு. குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இரண்டு, சையது அமீர் அலியின் நூல், ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் நீதிமன்றங்களில் புழங்கிய கையேடுகள் சில, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இமாம் நவவியின் மின்ஹாஜ் ஆகியன அதில் அடங்கும். இறைச் சட்டத்தை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது என்பதையும் நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. இதைக் குறையாக நான் கூறவில்லை; ஆனால் இரண்டும் தனித்தனி உலகங்கள் என்று எண்ணுவோர் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

#4 கடையநல்லூரான்

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஒரு சந்தேகம். கூட்டு உடைமை பற்றிய ஃபத்வாவே 2019இல் மாறிவிட்டது என்றும், எஞ்சியிருப்பவர் முழுமையாக வைத்துக்கொள்ளலாம் என்று இப்போது முயிஸே ஏற்றுக்கொள்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அப்படியானால் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் நீதிமன்றத்தின் பின்னால் நடந்தார்கள் என்றுதானே பொருள்?

#5 சூலியா_தெரு

நான் ஹனஃபி மத்ஹபை, அதாவது அந்த மார்க்கச் சட்ட மரபைப் பின்பற்றுபவன். எங்கள் முன்னோர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் தொழுதவர்கள். பெரியவரின் கேள்விக்கு என் கருத்தைக் கூறுகிறேன்.

2019இல் வந்த ஃபத்வா நீங்கள் சொன்னபடிதான் உள்ளது. ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியிலும் இதே கதை நடந்திருக்கிறது. நியமனம் பெற்றவர், அதாவது தமக்குப்பின் பணத்தைப் பெற உறுப்பினர் பெயர் குறித்தவர், வெறும் பொறுப்பாளர், பணத்தை ஃபராயிள்படி பிரித்துக் கொடுக்க வேண்டியவர் என்று 1971இல் ஃபத்வா இருந்தது. சட்டமோ பணம் நியமனம் பெற்றவருக்கே சொந்தம் என்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே பணத்துக்கு இரு விடைகள் இருந்தன. 2010இல் வந்த ஃபத்வா, நியமனத்தை முறையான அன்பளிப்பாகக் கருதலாம் என்று ஏற்றது. உறுப்பு தானத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் முஸ்லிம்களை விலக்கி வைத்திருந்தது. 2007இல் ஃபத்வா வந்தபின், 2008 ஆகஸ்ட் முதல் முஸ்லிம்களும் அதில் சேர்க்கப்பட்டனர்.

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உறுப்பு தானத்தில் அரசு காத்திருந்தது, ஆலிம்கள் வழி திறந்தார்கள். வீட்டு விஷயத்தில் நீதிமன்றம் முதலில் முடிவு சொன்னது, ஃபத்வா ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தது. பின்னால் வந்தது என்பதாலேயே அது சரணாகதி ஆகிவிடாது. கணவனும் மனைவியும் தெரிந்தே கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு மார்க்கத்தில் என்ன மதிப்பு என்பது ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்டக் கலையில் பழைய கேள்விதான். அதேவேளை, தலைமை மார்க்க அறிஞரான முஃப்தியை நியமிப்பவர் அதிபர் என்பதையும், முயிஸ் பொதுவாக ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்ற வேண்டும், அது பொதுநலனுக்கு மாறாக அமைந்தால் வேறு மத்ஹபைப் பின்பற்றலாம் என்று சட்டமே கூறுவதையும் மறந்துவிட்டுப் பேச முடியாது. பொதுநலன் என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

#6 தேக்கா_வாசகர்

முஸ்லிம் அன்பர்களின் உரையாடலைக் கவனமாகப் படித்துவருகிறேன். ஓர் இந்துவாக எனக்குத் தோன்றுவது, உங்களுக்கு வேலியாவது இருக்கிறது. எங்களுக்குத் தோட்டமே இல்லை என்பதுதான்.

1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் வந்தபோது, முஸ்லிம்கள் தவிர்த்த ஏனையோரின் வழக்கத் திருமணங்கள் அனைத்தும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. அதற்கு முன், ஆண் பல மனைவியரை மணக்கும் வழக்கத்தைச் சீனர் குடும்பங்களில் காலனித்துவ நீதிமன்றங்களே ஏற்றிருந்தன. அதற்குப் பெயர்பெற்றது 1908ஆம் ஆண்டின் ஆறு விதவையர் வழக்கு. இன்று கோயிலில் ஐயர் மந்திரம் ஓதித் தாலி கட்டினாலும், சட்டப்படி பதிவாகாவிட்டால் அது அரசின் கண்ணில் திருமணமே அல்ல. வாரிசுரிமையிலும் 1967ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி என்கிறது. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. ஈசூன்மகளின் குடும்பம் இந்துக் குடும்பமாக இருந்திருந்தால் சித்தப்பாவுக்குக் கேட்பதற்கே இடம் இருந்திருக்காது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் இல்லை. என் மகள் சார்பில் மகிழ்ச்சிதான்.

வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. 1964 கலவரங்களுக்குப்பின் சமயக் கால்நடை ஊர்வலங்களுக்குத் தடை வந்தபோது, தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகியவற்றுக்கு விலக்குக் கொடுத்தார்கள்; அது பெரிய சலுகைதான். ஆனால் 1973 முதல் காவடி ஊர்வலத்தில் வாத்திய இசைக்குத் தடை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை உறுமியும் மேளமும் இல்லாமல் காவடி எடுப்பது எப்படிப்பட்டது என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும். பக்தர்கள் மூவர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். மறுஆய்வு கோரும் அனுமதிகூட 2015இல் கிடைக்கவில்லை. 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. அது எங்களுக்கு நீதிமன்றம் கொடுத்த உரிமை அன்று. இந்து அறக்கட்டளை வாரியமும் அதிகாரிகளும் பேசிப் பெற்றது. இங்கே பலவும் அப்படித்தான் கிடைக்கின்றன.

#7 பொங்கோல்_அந்தோணி

இதுவரை பேசியவற்றில் மூன்று வகையான மோதல்கள் ஒன்றாகக் கலந்து கிடப்பதாக எண்ணுகிறேன்.

ஈசூன்மகளின் வீட்டு விஷயத்தில் அரசு யாரையும் பாவம் செய்யச் சொல்லவில்லை. அம்மா நாளைக் காலை வீட்டின் மதிப்பில் அத்தாவின் பாதியாகக் கருதப்படுவதில் எட்டில் மூன்று பங்கைக் கொழுந்தனாருக்குக் கொடுத்தால் எந்த அதிகாரியும் தடுக்கப்போவதில்லை. சட்டம் அவரைக் கட்டாயப்படுத்த மறுக்கிறது, அவ்வளவே. தைப்பூச மேளத்தில் நிலைமை வேறு. பக்தர் செய்ய விரும்பும் ஒன்றை அரசு செய்யாதே என்கிறது. இவை இரண்டிலும் கடுமையானது மூன்றாவது: சமயம் செய்யாதே என்பதை அரசு செய் என்பது.

யெகோவாவின் சாட்சிகள் சபை 1972இல் பதிவு நீக்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணியை மறுத்ததே முக்கியக் காரணம். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். அவர்களுடைய போதனையையும் ஏற்கவில்லை. ஆயினும் பதினெட்டு வயதுப் பையன் சீருடை அணிய மறுத்துத் தடுப்பு முகாமுக்குச் செல்வதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அரசமைப்பின் 15ஆவது பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கான சட்டங்களுக்கு அந்த உரிமை கட்டுப்பட்டது. 1994ஆம் ஆண்டு வழக்கில் உயர் நீதிமன்றம் நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை ஆகியவற்றையே முதலில் வைத்தது. அவற்றுக்கு எதிராகச் செல்லும் சமய நம்பிக்கை கட்டுப்படுத்தப்படலாம் என்றது. எல்லா ஆண்களும் இரண்டு ஆண்டுகள் கொடுக்கும் சிறிய நாட்டில் விலக்குக் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்ற அச்சம் எனக்கும் புரிகிறது. மாற்றுச் சேவை என்ற வழியாவது இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

#8 தேக்கா_வாசகர்

அந்தோணி அவர்களே, வகைப்படுத்தியது தெளிவாக உள்ளது. ஆனால் அந்த வகைகளுக்கு நடுவில் இருக்கும் கோட்டை வரைவதும் அரசுதான். தேசிய கீதம் பாடுவதும் பற்றுறுதி எடுப்பதும் தம் நம்பிக்கைக்கு மாறானவை என்று மறுத்து வேலை இழந்த ஆசிரியர் ஒருவரின் வழக்கு 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. அது சமய நம்பிக்கையே அல்ல என்பதாக நீதிமன்றம் கருதியது. எது சமயம், எது சமயம் அல்ல என்று சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கும்போது, அவர் சமயத்தில் தலையிடவில்லை என்று எப்படிக் கூறுவது?

இதே அரசு, தலைப்பாகை அணிந்த சீக்கியர் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணியத் தேவையில்லை என்று விலக்கும் கொடுத்திருக்கிறது. பொதுத்துறை மருத்துவமனைத் தாதியர் தூடோங் எனும் தலைமறைப்புத் துணி அணிய 2021 நவம்பர் முதல் அனுமதி இருக்கிறது. அதற்கு முன் சீருடை பொதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் பல ஆண்டுகள் கூறப்பட்ட காரணம். ஆக, கோடு நகரக்கூடியது. எப்போது நகரும் என்பதைக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் முன்கூட்டி அறிய வழியில்லை.

#9 நெறியாளர்

மற்றொரு சமயத்தாரின் வழிபாட்டை இழிவாகக் குறிப்பிட்ட ஒரு பதிவு நீக்கப்பட்டுள்ளது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990 முதல் இருக்கிறது என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை என நம்புகிறேன். ஏனைய பதிவுகள் கண்ணியமாக உள்ளன, தொடருங்கள்.

#10 ஈசூன்மகள்

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. படித்தபின் ஒரு கேள்வி எழுகிறது; பெரியவரிடம்தான் கேட்க வேண்டும்.

சிறு வயதில் மதரஸாவில் எனக்குச் சொல்லித்தந்த உஸ்தாத், ஆண் உறவினருக்கு எஞ்சிய பங்கு போவதற்குக் காரணம் அவர்மேல் பொறுப்பும் இருப்பதே என்றார். தந்தை இல்லாத பெண்ணைத் தாங்குவதும், தேவைப்பட்டால் செலவுக்குக் கொடுப்பதும், திருமணத்துக்கு வலீயாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக, நிற்பதும் அந்த உறவினரின் கடமைகள். சாச்சா என் நிக்காஹுக்கு வலீயாக நிற்பார். அதை முஸ்லிம் திருமணப் பதிவகமும் கேட்கும். ஆனால் நாளை நானும் அம்மாவும் கஷ்டப்பட்டால் சாச்சாவிடம் செலவுக்குக் கேட்க இந்த நாட்டில் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

#11 சட்டப்படி

சிற்றப்பாவைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் வழி இல்லை. தாய் தந்தையர் பிள்ளைகளையும், கணவன் மனைவியையும் தாங்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரைத் தாங்கத் தனிச் சட்டமே 1995இல் வந்தது. உங்கள் சாச்சா உங்களைத் தம் குடும்பத்துப் பிள்ளையாக ஏற்று வளர்த்திருந்தால் அன்றி, அவர்மேல் பராமரிப்புக் கடமை கிடையாது.

நீங்கள் கேட்ட கேள்வி என் நீண்ட பதிவைவிடக் கூர்மையானது. ஃபராயிள் ஒரு பெரிய குடும்ப ஒழுங்கின் ஒரு பாகம். அந்த ஒழுங்கில் பங்கும் சுமையும் சேர்ந்தே இருந்தன. அரசு அதைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது எண்ணிக் கணக்கிடக்கூடிய பங்கை எடுத்துக்கொண்டது. சுமையை மனச்சாட்சியிடம் விட்டுவிட்டது. சமயச் சட்டத்தை அரசு எதிர்த்ததால் வந்த சிக்கலைவிட, பாதியை மட்டும் ஏற்றதால் வந்த சிக்கலே இத்தகைய குடும்பங்களில் அதிகம் என்பது நான் பார்த்த கோப்புகளிலிருந்து எனக்குப் பட்டது. கூட்டு உடைமையையும் சேமநிதி நியமனத்தையும் பல முஸ்லிம் தந்தையர் விரும்பித் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மார்க்கத்தைத் தவிர்ப்பது அவர்களுடைய நோக்கம் அல்ல. தமக்குப்பின் மனைவியைத் தாங்க ஆள் இருக்காது என்ற கவலைதான்.

#12 கடையநல்லூரான்

மகளே, உன் உஸ்தாத் சொன்னது சரி. கடமை இல்லாத பங்கை நான் வாதாடிக் கேட்கவில்லை. உன் சாச்சா உன் அத்தாவின் இடத்தில் நின்று உங்கள் இருவரையும் பார்த்துக்கொள்வதாக இருந்தால் அவருக்கு அதைக் கேட்கும் தகுதி உண்டு. இல்லையேல் பங்கு அல்லாஹ் விதித்தது என்று சொல்லும் வாய், கடமையும் அல்லாஹ் விதித்தது என்று சொல்ல வேண்டும். எனினும் என் நிலை மாறவில்லை. நீதிமன்றம் என்ன சொன்னாலும் எனக்கு 2008ஆம் ஆண்டு ஃபத்வாவே மனத்துக்கு நெருக்கமானது: இறந்தவரின் பாதி இறந்தவரின் வாரிசுகளுக்கு உரியது. என் வீட்டை என் மனைவியுடன் சம பங்குகளாகப் பிரித்துப் பதிந்துவிட்டேன், கூட்டு உடைமையாக அல்ல. சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது.

#13 சூலியா_தெரு

பெரியவர் செய்ததுதான் சரியான வழி என்று நானும் கூறுவேன். எந்த வகை உடைமை வேண்டும் என்பதை உயிரோடு இருக்கும்போது தெரிந்து தேர்ந்தெடுத்தால், இறந்தபின் இரு சட்டங்களும் மோதத் தேவையில்லை. வீடு வாங்கும் நாளில் எத்தனை பேர் அந்தப் படிவத்தைப் படித்துக் கையெழுத்திடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

#14 ஈசூன்மகள்

அம்மாவிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். வீட்டைப் பற்றி முயிஸிடம் நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொல்கிறார். இன்னொன்று விட்டுப்போயிற்று: அத்தா மத்திய சேமநிதிக்கு யாரையும் நியமிக்கவில்லை. அந்தப் பணமும் அம்மாவுக்கே வருமா?

#15 சட்டப்படி

வராது. நியமனம் இல்லாத சேமநிதிப் பணம் பொது அறங்காவலரிடம் செல்லும். இறந்தவர் முஸ்லிம் என்பதால் அவர் ஃபராயிள்படிதான் பிரித்துக் கொடுப்பார். எனவே வீட்டில் சாச்சாவுக்குச் சட்டப்படி எதுவும் இல்லாவிட்டாலும், சேமநிதிப் பணத்தில் எட்டில் மூன்று அவருக்கு உண்டு. அதை அம்மாவாலோ உங்களாலோ தடுக்க முடியாது. சாச்சாவே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் ஒழிய அது அவருடையது. ஷரியா நீதிமன்றத்தில் மரபுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்; இறப்புச் சான்றிதழும் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் தேவைப்படும். அத்தாவுக்கு வேறு சகோதர சகோதரிகள் ஊரில் உயிருடன் இருந்தால் அவர்கள் பெயரையும் விடாமல் எழுதுங்கள். பங்கின் கணக்கே மாறிவிடும்.